மண்டலம் முடிவதற்கு முன்

ஜெயக்கொடி கார்த்திகை மாதம் இறந்தாள். மண்டல பூஜை முடிவதற்கு முன் பிள்ளையாரை இடம் மாற்றினாள், அதனால்தான் என்று கீழ்த்தெருவில் பாதிப்பேர் சொல்கிறார்கள். காயத்தில் அழுக்குத் தண்ணீர் பட்டு வந்த எலிக்காய்ச்சல், சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரி சொல்கிறது. ஏன் மாற்றினாள் என்பதை மட்டும் யாரும் சரியாகச் சொல்வதில்லை.

செஞ்சியை ஒட்டிய ஒரு சின்ன ஊராட்சி. அதில் கீழ்த்தெருவின் கடைசியில் மாவு மில். கணவர் செல்லப்பன் போன பிறகு மில்லை அவளே ஓட்டினாள். மகன் குருவை அந்த மில்தான் சிவில் இன்ஜினியரிங் படிக்க வைத்தது. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்று தெருக்காரர்கள் நிற்கச் சொன்னார்கள், நின்றாள், ஜெயித்தாள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். மெதுவாகப் பேசவே வராது. ஊராட்சிக் கூட்டத்தில் அது உதவியது.

தெருவுக்கு மேலே, மலையடிவாரத்தில், முன்பு நிலக்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லை இருந்தது. பாறையில் விழுந்த மழை வழுக்கிக்கொண்டு வரும். கொல்லை பாதியைக் குடித்துவிட்டு மீதியைத்தான் தெருவுக்கு விடும். மனை வியாபாரி சிவசங்கர் அதை வாங்கி மனை போட்டான். பொன்மலை நகர். கிராவல் கொட்டி ரோலர் ஓட்டினான். சிமெண்ட் ரோடு, இரண்டு பக்கமும் சாக்கடை. எல்லாச் சாக்கடையும் வந்து முடிந்த இடம் கீழ்த்தெருவின் தலை. அதிகாரிகள் வேலையைப் பார்வையிட்டது சித்திரை வெயிலில். நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்த வருடப் புயலில் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மில்லுக்கு எதிர்வீட்டுப் பூவாயிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து போயிருந்தது. கட்டிலோடு தூக்கிவந்து மில் மேடையில் ஏற்றினார்கள். மிளகாய் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்கக் கிடந்து தும்மினாள்.

"தண்ணியில போயிருந்தா நிம்மதியா போயிருப்பன்டி. இப்படித் தும்மித் தும்மிச் சாவணுமா?" என்றாள் பூவாயி.

"வாய மூடிக்கினு கட. நெடி உள்ள போவுது."

சிரித்தார்கள். ஆனால் ஜெயக்கொடி பார்த்திருந்தாள். கட்டிலைத் தூக்கும்போது தண்ணீர் பூவாயியின் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆள் வர இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வாயையும் தொட்டிருக்கும். பூவாயியால் தலையைத் திருப்பக்கூட முடியாது.

அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் வந்தது. வாசகம் குருவுடையது. மனைப்பிரிவு போடுவதற்கு முன் ஒரு நிலத்திலிருந்து மழைநீர் எந்த அளவில் வெளியேறியதோ, போட்ட பின்னும் அதற்கு மேல் வெளியேறக் கூடாது. கூடுதல் நீரை மனைப்பிரிவுக்குள்ளேயே குளம் வெட்டித் தேக்கி, மெதுவாக விட வேண்டும். குளத்துக்குள் எதையும் கட்டக் கூடாது.

படித்து முடித்ததும் யாருக்கும் புரியவில்லை. ஜெயக்கொடி எழுந்தாள்.

"கொல்லையா இருந்தப்ப தண்ணி எப்படி வந்துச்சோ அப்படித்தான் வரணும். மிச்சத்த அவங்களே வெச்சிக்கணும். அவ்ளோதான்."

கையெழுத்தானது. சிவசங்கருக்கு நகரின் இரண்டாம் பகுதிக்கு ஊராட்சி தயவு தேவைப்பட்டது. மறுபேச்சில்லாமல் தாழ்ந்த மூலையில் குளம் வெட்டினான். அடியில் ஒரு சிமெண்ட் குழாய். குழாய் சிறிதாக இருக்கிறதே, ஏமாற்றிவிட்டான் என்று தெருவில் பேச்சு வந்தது. ஜெயக்கொடிதான் பதில் சொன்னாள்.

"மில்லுல ஒரு மூட்ட அரிசிய மேல கொட்டினாலும் கல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான எறங்குது? மொத்தமா எறங்கினா கல்லு நின்னுடும். அதுக்குத்தான் சின்னது."

குளம் வறண்டிருந்தவரை அது வெறும் பள்ளம். பள்ளத்தைப் பார்த்தால் குப்பை கொட்டத்தான் தோன்றும். இடித்த வீட்டு மண், கறிக்கடைக் கழிவு, பழைய மெத்தை. பலகை வைத்தாள், பலகையைத் திருடிக்கொண்டு போனார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சுவரில் வரிசையாகச் சாமி படம் பதித்த டைல்ஸைப் பார்த்தாள். மூத்திரம் போகாமலிருக்க வைத்தது. சுவர் சுத்தமாக இருந்தது.

அன்றே சிவசங்கரிடம் போனாள். குளத்துக்கரையில் ஒரு பிள்ளையார் வைத்துக் கொடு, சாமி இருக்கிற இடத்தில் எவனும் கை வைக்க மாட்டான் என்றாள். அவள் முடிக்கும் முன் அவன் சரி என்றான். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். குளமென்றால் கரையில் பிள்ளையார் இருப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதானே என்று இருந்துவிட்டாள்.

பிள்ளையார் கிழக்குப் பார்க்க வேண்டும், ரோட்டுக்கு முதுகு காட்டக் கூடாது. அதனால் கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பீடம் கட்டினார்கள். வலம் வர வழி வேண்டும். அதற்குக் கொஞ்சம் மண். ஐயர் வந்து ஹோமம் செய்ய மேடை வேண்டும், அதற்குக் கொஞ்சம். ஆவணிக் கடைசியில் கும்பாபிஷேகம். மெம்பரம்மா கையால் விளக்கேற்ற வேண்டும் என்று சிவசங்கர் வீடு தேடி வந்து அழைத்தான். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் ஏற்றினாள். பிறகு அன்னதானத்துக்குக் கொட்டகை. இன்னும் மண்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் தனியாகப் போய்ப் பிள்ளையாரைச் சுற்றி வந்தாள். மூன்றாவது சுற்றில் கால் நின்றது. அவள் வைத்த ஒவ்வோர் அடியும் குளத்தின் மேல்.

குருவுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"அம்மா, மிச்சம் இருக்கறது குளம் இல்ல. குட்டை."

"போன வருசம் மாதிரி மழ வந்தா?"

"மேல ரெண்டாம் பகுதிக்கும் ரோடு போட்டுட்டான். அதவிட அதிகமா வரும்."

மறுநாள் சிவசங்கரின் ஆபீசில் போய் நின்றாள். அவன் நாற்காலி இழுத்துப் போட்டான். உட்காரவில்லை.

"தீர்மானம் இருக்குது. குளத்துல எதுவும் கட்டக் கூடாது."

"நானா கட்டனேன்? நீங்க கேட்ட புள்ளையாருதான மெம்பரம்மா. விளக்கு ஏத்தனது யாரு? போட்டோ காட்டட்டுமா?"

"கரையிலதான் கேட்டன்."

"சாமி எங்க உக்காரணும்னு நாம சொல்ல முடியுமா?" சிரித்தான். "சரி, எடுக்கலாம். மண்டலம் முடியட்டும். நடுவுல கை வெச்சா யாருக்காவது ஏதாவது ஆவும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கும்பாபிஷேகம் ஆனால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பூஜை தவறக் கூடாது. அதற்குள் சிலையை அசைக்கக் கூடாது. அசைத்தவன் வீடு விளங்காது என்று அவள் அப்பா காலத்திலிருந்து கேட்டது. அவளும் நம்பினாள். செல்லப்பன் செத்த வருடத்தில்கூட விநாயகர் சதுர்த்திக்கு மண் பிள்ளையார் வாங்கத் தவறாதவள். மண்டலம் ஐப்பசியின் பாதிக்கு மேல் முடிகிறது. மழை அதுவரை காத்திருக்குமா என்பதுதான் கேள்வி.

காத்திருக்கவில்லை. தீபாவளிக்கு முன்பே வங்கக் கடலில் தாழ்வு நிலை என்றார்கள். தீபாவளி முடிந்த கையோடு விழுப்புரம் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை. நாளை மதியத்திலிருந்து என்று டிவியில் ஓடியது.

காலையில் கிளம்பினாள். முதலில் விமல்ராஜ். ஜேசிபி வைத்திருப்பவன், அவள் மில்லில் கம்பு அரைக்கக் கொடுத்துக் கடன் சொல்லுகிறவன்.

"அக்கா, எங்க தோண்டச் சொன்னாலும் தோண்டறேன். புள்ளையார் மேல நிக்கற வரைக்கும் பக்கெட்ட எறக்க மாட்டேன். நான் இப்பதான் கல்யாணம் பண்ணியிருக்கன்."

"அவரு எறங்கிட்டா?"

"எறங்கிட்டா ஆறு மணி நேரம். வழிச்சி எடுத்துடுவேன். கொட்டகை போச்சேன்னு மட்டும் யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

அடுத்து அந்தப் பிள்ளையாரின் பூசாரி இளையபெருமாள். கீழ்த்தெருக்காரன். போன வருடம் அவன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் போனது. வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"வாணாம்க்கா. வேற எது வேணா கேளு."

"கரைக்கு மாத்தி வெக்கலாம்னுதான் கேக்கறன். ஒடைக்கவா சொல்றன்?"

"மண்டலத்துல அசைக்கறதும் ஒண்ணு, ஒடைக்கறதும் ஒண்ணு."

"வழியே இல்லியா?"

அவன் வாய் கொப்பளித்துத் துப்பினான். நேரமெடுத்துத் துப்பினான்.

"ஒண்ணு இருக்குது. கலசத்துல தண்ணி வெச்சி சாமிய அதுல எறக்கணும். ஒருத்தர் கையில மஞ்சத்துணியில காப்பு கட்டணும். குத்தம் வந்தா காப்பு கட்டனவங்களுக்கு வரும். வேற யாருக்கும் வராது. எவன் கட்டிக்குவான்? அதான் சொல்றன் வாணாம்னு."

அவள் வலது கையை நீட்டினாள்.

"அக்கா, நான் சும்மா பேச்சுக்குச் சொல்லல."

"நானும் சும்மா நீட்டல. கட்டுடா. மழ மதியம் வருதாம்."

குருவிடம் இதைச் சொல்லவில்லை. தோண்டப் போகிறோம் என்று மட்டும் சொன்னாள். கரையை எப்படி மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும், குழாய் வாய்க்கு முன்னால் கம்பி வலை வைக்க வேண்டும் என்று அவன் சொன்னான். வலைக்கு நேரமில்லை.

பிள்ளையாரிடம் பத்துப் பதினைந்து பேர் ஏற்கெனவே நின்றார்கள். எல்லாரும் நகரில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள். செய்தி எப்படியோ போயிருந்தது. முன்னால் நின்றவள் ஜெயஸ்ரீ. தனியார் பள்ளி டீச்சர். நகரின் முதல் வீடு அவளுடையது.

"உங்க தெரு நனையும்னு எங்க சாமிய எடுப்பீங்களா?"

"எங்க தெரு நனையலம்மா. எங்க தெரு முழுவுது."

"அதுக்கு எங்க புள்ளைங்க விளையாடற எடத்துல பள்ளம் தோண்டுவீங்களா? யாராவது விழுந்தா?"

நியாயமான கேள்வி. வேலி போட வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கவில்லை. ஜெயக்கொடி காப்பு கட்டிய கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதப் பாரு டீச்சர். குத்தம் என் மேல. உன் வூட்டுக்கு ஒண்ணும் வராது. வேலி நானே நின்னு போட வெக்கறன். வழிய வுடு."

ஜெயஸ்ரீ காப்பையே பார்த்தாள். அவளும் நம்புகிறவள்தான். நம்பாதவளாக இருந்திருந்தால் இன்னும் சண்டை போட்டிருப்பாள். ஒதுங்கினாள். மற்றவர்களும் ஒதுங்கினார்கள்.

சிலை சிறியதுதான். இரண்டு ஆள் தூக்கினார்கள். இளையபெருமாள் மந்திரத்தைப் பாதி விழுங்கினான். வெள்ளைத் துணி போர்த்திக் கரை வேப்பமரத்தடியில் வைத்தார்கள். அது கரை என்பதே மண்ணை அள்ளிய பிறகுதான் தெரிந்தது. விமல்ராஜ் பீடத்தைச் சுற்றி அள்ளினான், பிறகு பீடத்தை அள்ளினான். சிவசங்கர் ஆள் அனுப்பினான். வந்தவன் காப்பைப் பார்த்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டே திரும்பிப் போனான். முதல் தூறல் விழுந்தபோது குளம் பழைய ஆழத்துக்கு வந்திருந்தது. அள்ளிய மண் கரையில் ஈரமும் இறுக்கமும் இல்லாமல் கிடந்தது. மிதித்துக் கெட்டிப்படுத்த யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

பிற்பகலில் மழை இறங்கியது. கோட்டை மலை தெரியவில்லை. பாறையெல்லாம் வெள்ளையாகக் கோடு கோடாக ஒழுகியது மட்டும் தெரிந்தது. பஸ் நின்றது, கரண்ட் நின்றது. ஜெயக்கொடி மில் வாசலில் நின்று தெருவோர வாய்க்காலையே பார்த்தாள். தண்ணீர் வந்தது. வேகமாக இல்லை. வாய்க்காலுக்குள்ளேயே வந்தது.

பூவாயி கட்டிலிலிருந்து கத்தினாள். "இன்னாடி ஆச்சி? மெஷினு கிட்ட வரணுமா?"

"வாணாம். படு."

அப்படியே கொஞ்ச நேரம். பிறகு வாய்க்காலில் தண்ணீர் குறைந்தது. மழை குறையவில்லை.

தெருவில் இரண்டு பேர் நல்லது என்றார்கள். ஜெயக்கொடிக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே கொட்டிக்கொண்டிருக்கும்போது கீழே வருவது குறைந்தால் குழாய் அடைத்திருக்கிறது. குழாய் அடைத்தால் குளம் நிறையும். நிறைந்தால் இன்று போட்ட பச்சை மண் கரை தாங்காது. உடைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வராது. குளம் மொத்தமும் ஒரே தடவையில் தெருவுக்குள் வரும். போன வருடம் தண்ணீர் ஏறி வந்தது, கட்டிலைத் தூக்க நேரம் இருந்தது. இந்தத் தடவை அந்த நேரம் கிடைக்காது. அந்தத் தண்ணீரை அங்கே தேக்கியதும் அவள்தான்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினாள். இளையபெருமாளிடம் பூவாயியைத் தூக்கு என்று கத்தினாள். மழையில் கேட்டதோ இல்லையோ.

கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். பழுப்பாக, சுழன்றுகொண்டு. வேப்பமரத்தடிப் பிள்ளையாரின் துணி பறந்து போயிருந்தது. குழாய் வாய் இருந்த இடம் தெரிந்தது. அங்கே தண்ணீர் சுழலவில்லை. மண்ணோடு புதைத்த கும்பாபிஷேகத்துக் குப்பை அத்தனையும் மிதந்து வந்து அங்கே அடைத்திருந்தது. வாழைமட்டை, தேங்காய் மட்டை, இலைக்கட்டு.

கரையிலிருந்து கடப்பாரை எட்டவில்லை. இறங்கினாள். இடுப்பு வரை வந்தது. கால் சேற்றில் போனது.

"ஏங்க, ஏறுங்க. இழுத்துடும்."

ஜெயஸ்ரீ. தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்திருக்கிறாள். குடை பிய்ந்துபோய்க் கையில் கம்பி மட்டும் இருந்தது.

"கயிறு இருக்குதா?"

ஜெயஸ்ரீ ஓடிப்போய்த் துணி காயப்போடும் நைலான் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தாள். ஒரு முனையை ஜெயக்கொடி இடுப்பில் கட்டிக்கொண்டாள். மறுமுனையை டீச்சர் வேப்பமரத்தைச் சுற்றிப் பிடித்தாள்.

கடப்பாரையால் குத்தினாள். மட்டை வழுக்கியது. மறுபடி. காலடியில் ஏதோ உடைந்தது, பாதத்தில் சுருக்கென்றது. கடப்பாரையை விட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டு இலைக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பக்கத்தில் கரையிலிருந்து ஒரு கட்டி மண் சரிந்து தண்ணீரில் விழுந்தது.

"கரை போவுதுங்க," என்றாள் ஜெயஸ்ரீ.

"பேசாத. கயிற மட்டும் புடி."

தலையைத் தண்ணீருக்குள் விட்டு, இரண்டு கையாலும் பிடித்து, காலைக் குழாய் விளிம்பில் ஊன்றி இழுத்தாள். வந்தது. இலைக்கட்டோடு அவளும் பின்னால் விழுந்தாள். கயிறு இறுகியது. அவள் வாயில் போன தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழுந்தபோது குழாய் வாயில் சுழல் விழுந்திருந்தது. உறிஞ்சும் சத்தம் மழைக்கு மேலே கேட்டது.

கரை நின்றது. தண்ணீர் விளிம்பைத் தொடாமல் அந்த ஒரு சாணிலேயே வெகுநேரம் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். ஜெயஸ்ரீயின் உள்ளங்கையில் கயிறு அறுத்திருந்தது. அதைப் பற்றி அவள் பேசவில்லை. வேலி எப்போது போடுவீர்கள் என்றுதான் கேட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஜெயக்கொடி தெருவுக்கு வந்தாள். வாய்க்கால் விளிம்பு தட்டி ஓடியது. வாசற்படி ஒன்றுகூட நனையவில்லை. பூவாயி அவள் கட்டிலில், அவள் வீட்டிலேயே இருந்தாள். இளையபெருமாள் காதில் அந்தக் கத்தல் விழவே இல்லை. ஜெயக்கொடி தரையில் உட்கார்ந்து பாதத்தைத் துணியால் சுற்றினாள். ஓடோ கண்ணாடியோ, ஆழமாகக் கீறியிருந்தது. அப்போது, வரும் வழியில் மில்லிலிருந்து எடுத்த போன் அடித்தது. குரு. டவர் விட்டு விட்டு வந்தது.

"அம்மா, தெருவுல எவ்ளோ?"

"தெருவுல இல்ல. வாய்க்காலோட சரி."

"கரை?"

"நிக்குது."

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "குழாய் வேலை செஞ்சிருக்குது. சின்னதா வெச்சது சரிதான்."

"சரிதான்."

"நீ எங்க இருந்த இவ்ளோ நேரம்? பத்துத் தடவ அடிச்சேன்."

"எங்க போவன்? மில்லுலதான்."

போனை வைத்தாள். பூவாயி கோணிய வாயோடு அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சேற்றுச் சேலை, அவிழ்ந்த கொண்டை, அதில் ஒட்டியிருந்த வாழைநார்.

"எந்த மில்லுடி அது, தலை வரைக்கும் தண்ணி நிக்கற மில்லு?"

"கத்தாத. அவன் திரும்பப் போன் போடுவான், காதுல வுழப்போவுது," என்றாள் ஜெயக்கொடி.